மற்றக் கையின் அளவு

என்னுடைய சிகிச்சை அறையில், கைகழுவும் தொட்டிக்கு மேலே, ஓர் ஆணியில் மஞ்சள் நிற அளவு நாடா ஒன்று தொங்குகிறது. முழு நாடா அல்ல. நுனித் தகடு இருக்கும் பக்கத்திலிருந்து நாற்பது சென்ரிமீற்றர் வரைதான். அதற்கு மேல் வெட்டப்பட்டிருக்கிறது. எண்கள் அரைவாசி அழிந்துவிட்டன. பத்துக்கும் இருபதுக்கும் இடையில் துணி மெலிந்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் இழை இழையாகத் தெரியும். அதை வைத்து எதையும் அளக்க முடியாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அறையைத் துப்பரவாக்கும் உற்சாகத்தில் முதலில் அதைத்தான் கழற்றிக் குப்பைக் கூடையில் போடுவார்கள். நான் ஒவ்வொரு முறையும் பொறுக்கியெடுத்து, தூசு தட்டி, திரும்ப மாட்டிவிடுவேன். "மிஸ்ஸுக்கு இதில அப்பிடி என்ன ஆசை?" என்று ஒருத்தி கேட்டாள். ஆசை ஒன்றுமில்லை, பயம் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த அன்றைக்கு நேரமும் இருக்கவில்லை.

நான் கிளிநொச்சியில் இயன்மருத்துவராக வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த நாடா எனக்கு முன்பிருந்தவர் விட்டுப்போன பொருட்களோடு மேசை லாச்சிக்குள் கிடந்தது. எத்தனை வருடம் பாவித்தார்களோ தெரியாது. நானும் கேள்வி கேட்காமல் எடுத்துப் பாவிக்கத் தொடங்கினேன். சனங்கள் என்னை "பிசியோ மிஸ்" என்பார்கள். அப்போது எனக்கு இருந்த மிடுக்கை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. படித்து வந்த சூடு ஆறவில்லை. சொன்னதைச் செய்யாத நோயாளியைக் கண்டால் பட்டென்று ஏசிவிடுவேன். ஏசினால்தான் சனம் கேட்கும் என்று நம்பிய காலம் அது.

சித்திரை மாதத்து வெயிலில், சேலைக்கு மேலே புருசனின் நீளக்கைச் சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கதிரையில் இருந்த கையோடு என்னை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் பகுதியில் முதல் சந்திப்பில் வரும் கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். "பிள்ளை எவடம்?" என்பார்கள். தர்மபுரம் என்றால், "தர்மபுரத்தில எந்தப் பக்கம்?" என்பார்கள். அவர்கள் கேட்பது ஊரை அல்ல. என் அப்பப்பா மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர். அதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். நான் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். இந்தப் பெண் அதைக் கேட்கவில்லை.

"மிஸ், குறை நினைக்காதேங்கோ. உந்தச் சட்டை ஆர் தைச்சது?"

"கடையில வாங்கினது."

"அதுதான் பாத்தனான். கைக்குழி பிழை. நீங்கள் கையைத் தூக்கேக்கை முழுச் சட்டையும் மேல வருது."

உண்மைதான். நாள் முழுவதும் கையைத் தூக்கித் தூக்கிச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டே எனக்குப் பாதிச் சீவன் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கே அவர் எனக்குத் தையலக்கா ஆகிவிட்டார்.

அக்காவின் வீடு கண்டாவளையில். தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வயற்காணிக்கு வந்தவர். புருசனும் வயல்தான் செய்கிறார். சேலைச் சட்டையும் பள்ளிச் சீருடையும் தைப்பதில் அந்தப் பக்கத்தில் அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் வலது மார்பில் புற்றுநோய் கண்டு, மார்பை எடுத்து, கமக்கட்டில், அக்குளுக்குள், இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்திருந்தார்கள். கதிர்ச் சிகிச்சையும் முடிந்து, தலைமயிரும் திரும்ப வளர்ந்து, இனிப் பயமில்லை என்று மூச்சு விட்ட நேரத்தில் வலது கை வீங்கத் தொடங்கியது.

உடம்பில் இரத்தம் ஓடுவதுபோல் நிணநீர் என்று ஒன்றும் ஓடுகிறது. கமக்கட்டுக் கணுக்கள் போனால் அது வடிந்துபோகும் வழியும் குறுகிப்போகும். சிலருக்கு அதனால் தண்ணீர் கையிலேயே தேங்கிவிடும். அக்காவுக்கு இதை யாரும் விளங்கச் சொல்லியிருக்கவில்லை. கை வீங்கியதும் நோய் திரும்ப வந்துவிட்டது என்றே நினைத்து, மூன்று மாதம் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. பிறகு முறிவு நெரிவு பார்க்கும் நாட்டு வைத்தியர் ஒருவரிடம் போய், எண்ணெய் போட்டு உருவு உருவென்று உருவுவித்திருக்கிறார். கை இன்னும் ஊதியது. அதற்குப் பிறகுதான் கிளினிக்குக்குப் போனார். நோய் திரும்பவில்லை, இது தேங்கின தண்ணீர் என்று எல்லாவற்றையும் பார்த்து உறுதிப்படுத்தி என்னிடம் அனுப்பினார்கள்.

முதல் நாளே அக்கா துணிப்பைக்குள்ளிருந்து பேப்பரில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து என் மேசையில் வைத்தார். பிரித்தால் கத்தரிக்கோல். துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல், கறுத்த கைபிடி, நல்ல பாரம். அதன் வளையத்துக்குள் பெருவிரலை வைத்துக் காட்டினார். நகத்தோடு நின்றுவிட்டது.

"இந்த வளையத்துக்குள்ள என்ர பெருவிரல் போகோணும் மிஸ். வேற ஒண்டும் நான் கேக்கமாட்டன்."

"கை முழுக்கப் பழையபடி வரும் எண்டு பொய் சொல்லமாட்டன் அக்கா. வீக்கத்தைக் குறைக்கலாம். குறைச்சதைக் காப்பாத்தலாம். அதுக்கு நீங்கள்தான் பாடுபடோணும்."

"பாடுபடுறது எனக்குப் புதுசே?" என்றார்.

அளக்கத் தொடங்கினேன். மணிக்கட்டிலிருந்து மேலே நான்கு நான்கு சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் நாடாவைச் சுற்றி அளவெடுக்க வேண்டும். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இருந்த உதவியாளர் எழுதுவதற்காக நான் எண்களைச் சத்தமாகச் சொல்வது வழக்கம். மூன்றாவது எண்ணைச் சொன்னதும் அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

"மிஸ், சத்தமாச் சொல்லாதேங்கோ. நாங்கள் ஒரு பொம்பிளையின்ர அளவைச் சத்தமாச் சொல்லமாட்டம். அளந்து, பேசாமல் கொப்பியில எழுதுவம். வெளியில ஆக்கள் நிக்கினம்."

வெளியில் போட்டிருந்த நீள வாங்கில் முழங்கால் வலிக்காரரும் முதுகு வலிக்காரருமாக ஏழெட்டுப் பேர் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் நானே எழுதிக்கொண்டேன். முதலில் வீங்கிய வலது கை, பிறகு ஒப்பிடுவதற்காகச் சுகமான இடது கை. அந்த எண்களை இங்கேயும் எழுதப்போவதில்லை. இதை வாசித்தால் அக்கா விடமாட்டார்.

சிகிச்சையின் முதல் நாளே எங்களுக்குள் சண்டை. நிணநீரை வழிப்படுத்தத் தோலை மட்டும் நகர்த்துவதுபோல் மிக மெல்லத்தான் தடவ வேண்டும். அழுத்தினால் பயனில்லை. அக்கா கட்டிலில் படுத்தபடி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"மிஸ், தூசு தட்டுறியளோ?"

"இதுதான் சிகிச்சை அக்கா."

"அதுவும் வீங்கின கையை விட்டிட்டுக் கழுத்தையும் மற்றக் கமக்கட்டையும் தடவிக்கொண்டு நிக்கிறியள்."

வயல்காரர் வீட்டுப் பெண் என்பதால் வாய்க்காலை வைத்துச் சொன்னேன். தண்ணீர் நிற்கும் வாய்க்காலைத் துப்பரவாக்க எங்கேயிருந்து தொடங்குவீர்கள் என்று கேட்டேன். "கடைசித் தொங்கல்ல இருந்துதான். அங்க வழி விட்டாத்தானே இஞ்சை நிக்கிற தண்ணி போகும்" என்றார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். மெல்லத் தடவுவதை அவரே தன் தொழிலை வைத்து விளங்கிக்கொண்டார். கூறைப் பட்டைத் தொடும் கை வேறு, யீன்ஸ் துணியைப் பிடிக்கும் கை வேறு என்றார். மூன்றாம் நாள் புருசனையும் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, "இவருக்கும் காட்டிக் குடுங்கோ. மம்பட்டி பிடிச்ச கை, பட்டுத் துணி பிடிக்கப் பழகட்டும்" என்றார். அந்த மனிதர் வெட்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டே பழகினார். ஆனால் நன்றாகப் பழகினார்.

அதற்குப் பிறகு கட்டு. விரல்களிலிருந்து தோள்மூட்டு வரை, முதலில் மெல்லிய பருத்தி உறை, மேலே பஞ்சுத் துணி, அதற்கு மேலே இழுவை குறைந்த கட்டுத் துணி அடுக்கடுக்காக. கீழே இறுக்கம் கூட, மேலே போகப் போகக் குறைவு. வன்னி வெயிலில் அப்படி ஒரு கட்டைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் இருந்து பார்த்தால்தான் அதன் வருத்தம் தெரியும். உள்ளே வியர்த்துக் கடிக்கும். சொறிய முடியாது. பல பேர் வீட்டுக்குப் போகும் வழியிலேயே கழற்றிவிடுவார்கள். அக்கா இரண்டாம் நாளே கட்டும் முறையைப் பிடித்துக்கொண்டார். ஒரு சுற்று மற்றச் சுற்றின்மேல் ஏறும் அளவு ஒரு நூல் பிசகாது. என்னுடைய கட்டைவிட அவருடையது வடிவாக இருந்தது. அதை நான் அப்போது சொல்லவில்லை. மிடுக்கு விடவில்லை.

பஸ்ஸில் எல்லோரும் என்ன நடந்தது என்று கேட்பார்களாம். அக்கா ஆளுக்கொரு கதை சொல்லுவார். ஒருவருக்கு மாடு இடித்தது, ஒருவருக்குச் சைக்கிளால் விழுந்தது. கேள்வி கேட்டே உயிரை வாங்கிய ஒரு மனுசிக்குத் தென்னையால் விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறார். "தென்னையில நீ என்னத்துக்கு ஏறினனீ?" என்று மனுசி விடாமல் கேட்க, "அவருக்குப் பயம், அதுதான்" என்றாராம். பக்கத்தில் இருந்த புருசன் பரந்தன் வரும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாராம்.

ஐந்து வாரத்தில் கை கண்ணுக்குத் தெரிய வற்றியது. வாராவாரம் எண்கள் இறங்கின. ஒவ்வொரு முறையும் அளந்து முடிந்ததும் அக்கா கத்தரிக்கோலை எடுத்துப் பெருவிரலை வைத்துப் பார்ப்பார். நகத்தோடு நின்ற விரல், நகம் தாண்டி, முதல் மூட்டைத் தொட்டது. இனி அந்த மூட்டு ஒன்றைத் தாண்டினால் போதும். வாசலில் காத்திருந்த புருசனுக்குத் திரையை விலக்கி விரலைத் தூக்கிக் காட்டினார். அவரும் வெளியிலிருந்து தன் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்.

ஆறாம் வாரத்துத் திங்கட்கிழமை, ஒரு நீண்ட விடுமுறைக்கு அடுத்த நாள். வாங்கு நிறையச் சனம். அன்று காலைதான் புதிய பொருட்கள் ஒரு பெட்டி வந்திருந்தது. அதில் அளவு நாடாக்களும் இருந்தன. நான் சந்தோசமாக ஒன்றைப் பிரித்தெடுத்து, பழையதை என் கைப்பைக்குள் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன். அக்கா வந்ததும் வலது கையை மட்டும் அளந்தேன். இடது கையையும் அளக்க வேண்டும் என்பது விதி. ஆனால் சுகமான கை எங்கே போய்விடப் போகிறது? சனம் காத்திருந்தது.

எல்லாப் புள்ளிகளிலும் கையின் அளவு கூடியிருந்தது. பருத்த இடத்தில் ஒரு சென்ரிமீற்றருக்கும் மேலே. திரும்ப அளந்தேன். அதே எண்கள்.

"கட்டைக் கழட்டினனீங்களோ அக்கா?"

"இல்லை மிஸ்."

"அப்ப பாரம் தூக்கினனீங்கள். இல்லாட்டி மிசினில இருந்து நெடுகத் தைச்சனீங்கள்."

"ஐயோ இல்லை. நேற்றுக் கத்தரிக்கோலில விரல் இன்னும் கொஞ்சம்…"

"கத்தரிக்கோலை வைச்சு நான் வைத்தியம் செய்யேலாது. அளவு கூடியிருக்கு. அளவு பொய் சொல்லாது. நீங்கள் வீட்டில சரியாச் செய்யாட்டி நான் இஞ்சை என்ன செய்தும் வேலையில்லை."

இதைச் சத்தமாகத்தான் சொன்னேன். வாங்கில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கும். அக்கா என் கையிலிருந்த நாடாவைப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் நாடாவை நம்பி வாழ்ந்த பெண். கத்தரிக்கோலைப் பையை விட்டு வெளியே எடுக்காமலே எழும்பிப் போனார்.

வியாழக்கிழமை வர வேண்டியவர் வரவில்லை. வெள்ளிக்கிழமை புருசன் தனியாக வந்தார். சைக்கிள் பெட்டியிலிருந்து ஒரு பையை எடுத்து என் மேசையில் வைத்தார். உள்ளே கட்டுத் துணிகள். துவைத்து, நிழலில் காயவைத்து, கடையில் வாங்கியதுபோல் இறுக்கமாகச் சுருட்டியிருந்தது.

"அவா இனி வரமாட்டாவாம் மிஸ். வேற ஆருக்காவது உதவட்டுமாம். மிசினை நாளைக்குப் பின்னேரம் பக்கத்து ஒழுங்கையில ஒரு பிள்ளைக்குக் குடுக்கப்போறா."

"அக்கா கட்டைக் கழட்டினவாவோ ஐயா? உண்மையைச் சொல்லுங்கோ."

"நீங்கள் ஏசின பிறகுதான் கழட்டினவா. அதுக்கு முன்னம் நித்திரையிலயும் கழட்டேல்லை. நான் பக்கத்திலதானே படுக்கிறனான்."

அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. அன்று இரவு முழுவதும் யோசித்தேன். தப்பு எங்கே என்று தெரியவில்லை. ஆனால் அது அக்காவின் வீட்டில் இல்லை என்று மட்டும் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கண்டாவளைக்குப் போனேன். சிறுபோக வயல்கள் பச்சைப்பசேலென்று நின்றன. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் வீட்டு விறாந்தையில் தையல் மிசின் படுக்கை விரிப்பால் மூடிக் கயிற்றால் கட்டியிருந்தது. பக்கத்தில் துணி வெட்டும் மேசை வெறுமையாக இருந்தது. அக்கா கோபமாக இருப்பார் என்று பயந்துகொண்டு போனேன். அவர் கோபமாக இருக்கவில்லை. "வாங்கோ மிஸ்" என்று கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"ஒருக்கா அளந்து பாக்கவோ அக்கா?"

கையை நீட்டினார். புதிய நாடாவால் அளந்தேன். திங்கட்கிழமையைவிடவும் கூட. எண்ணை அவருடைய சிகிச்சை அட்டையில் எழுதினேன். எழுதிவிட்டு நாடாவைச் சுருட்டத் தொடங்கினேன்.

"மற்றக் கையை அளக்கேல்லையோ?"

"அது சுகமான கைதானே."

"நாங்கள் சட்டைக்கு ரெண்டு கையும் அளக்கிறனாங்கள் மிஸ். ஒருத்தருக்கும் ரெண்டு கையும் ஒரே அளவு வராது. பழக்கதோசம், அதுதான் கேட்டனான்."

இடது கையை அளந்தேன். அட்டையில் முதல் நாள் எழுதிய எண்ணைப் பார்த்தேன். திரும்ப அளந்தேன். என் முகம் போன போக்கைக் கண்டு அக்கா அட்டையை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். கத்தி படாத, நோய் தொடாத, ஒரு நாளும் வீங்காத அந்த இடது கையும் முழுதாக ஒரு சென்ரிமீற்றர் பருத்திருந்தது.

"அப்ப இந்தக் கைக்கும் வருத்தம் வந்திட்டுதோ மிஸ்?" என்றார் அக்கா. சொல்லும்போதே அவருடைய குரல் மாறிவிட்டது. "நீங்கள் முந்தி அளந்த ரேப், அந்தப் பழைய நாடா, எங்க?"

கைப்பைக்குள் கையை விட்டேன். திங்கட்கிழமை போட்ட இடத்திலேயே கிடந்தது. அக்கா இரண்டு நாடாக்களையும் வாங்கி, வெட்டும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, நுனித் தகடுகளை ஒன்றாகப் பொருத்தி, உள்ளங்கையால் தடவி நேராக்கினார். பத்தாம் இலக்கத்திலேயே விலகத் தொடங்கிவிட்டது. நாற்பதாம் இலக்கத்தில் பழைய நாடா புதியதைவிட ஒரு விரல் அகலம் நீண்டு கிடந்தது. தன்னுடைய நாடாவையும் எடுத்துவந்து மூன்றாவதாக விரித்தார். அது புதியதோடு கோடு கோடாகப் பொருந்தியது.

"இழுபட்டுப் போச்சு," என்றார். "கை, கால் சுத்துறது முதல் பக்கத்தாலதானே. அந்தப் பக்கம்தான் இழுபடும். இழுபட்ட ரேப் எப்பவும் குறைச்சுத்தான் காட்டும். நாங்கள் ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் புது ரேப்தான் வைச்சுக் கும்பிடுவம். பழசை வைச்சிருந்தா ஊரில ஒரு சட்டையும் ஒருத்தருக்கும் அளவா இராது."

பழைய நாடாவாலேயே திரும்ப இரண்டு கைகளையும் அளந்தேன். இடது கை, முதல் நாள் இருந்த அளவிலேயே இருந்தது. வலது கை, முதல் நாளைவிட எவ்வளவோ வற்றியிருந்தது. ஐந்து வாரம் அவர் பட்ட பாட்டில் ஒரு நூலும் வீண்போகவில்லை. ஆனால் ஐந்தாம் வாரத்து எண்ணைவிட மிகச் சிறிய ஓர் ஏற்றம் இருந்தது. கட்டைக் கழற்றி வைத்திருந்த நான்கைந்து நாட்களில் வந்த வீக்கம் அது. அது நோயால் வந்ததல்ல. என் வாயால் வந்தது.

நான் அழுதேன். அழுகிற ஆள் அல்ல நான். அக்கா என் முதுகில் வலது கையால்தான் தட்டினார்.

"என்னிலயும் பிழை இருக்குப் பிள்ளை," என்றார். முதல் முறையாக மிஸ் போய்ப் பிள்ளை வந்தது. "புது ரேப் எண்டதை நான் அண்டைக்கே கண்டனான். கண்டும், பழைய ரேப் பிழையாயிருக்கும் எண்டு எனக்கு ஓடேல்லை. என்ர கைதான் பிழை எண்டு நினைச்சிட்டன். இருபத்தைஞ்சு வருசமாத் தைக்கிற எனக்கு."

அந்த வார்த்தை இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. இந்த நோய் வந்த பெண்கள் பலரை அதற்குப் பிறகு பார்த்துவிட்டேன். உலகத்தில் எது பிழையானாலும் தங்கள் உடம்புதான் பிழை என்று நம்ப அவர்கள் எப்போதும் தயாராக இருக்கிறார்கள். அவர்களை அப்படி நம்பவைக்க ஒரு மிடுக்கான ஆளும் ஒரு சத்தமான குரலும் போதும்.

"வேற ஆரையும் ஏசினனீங்களோ?" என்று கேட்டார் அக்கா.

யோசித்துப் பார்த்தேன். புதுக்குடியிருப்பிலிருந்து வரும் ஓர் ஐயாவுக்கு முழங்கால் வீக்கம் கூடியிருக்கிறது என்று செவ்வாய்க்கிழமை ஏசியிருந்தேன்.

"அப்ப முதல் அவருக்கு ஃபோன் எடுங்கோ. பிறகு தேத்தண்ணியைக் குடிக்கலாம்."

எடுத்தேன். ஐயா முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் அப்பவே சொன்னனான், நீங்கள்தான் கேக்கேல்லை" என்றார். உண்மையில் அவர் அப்போது ஒன்றுமே சொல்லவில்லை. நான் மறுத்துப் பேசவில்லை.

அக்கா குசினிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "இஞ்சாருங்கோ, வந்து இந்தக் கயித்தை அவிழுங்கோ." புருசன் வந்து, ஏன் எதற்கென்று கேட்காமல், மிசினைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். அவிழ்த்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் மிசினுக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு பின்னேரம் வர வேண்டாம் என்று சொல்லப் பக்கத்து ஒழுங்கைக்குப் போனார். நான் கொண்டுவந்திருந்த பையிலிருந்து அவர் சுருட்டித் தந்த கட்டுத் துணிகளை எடுத்து, அந்த விறாந்தையிலேயே அக்காவின் கைக்குத் திரும்பக் கட்டினேன். பாதியில் அக்கா என் கையிலிருந்து வாங்கித் தானே கட்டி முடித்தார்.

இந்த வீக்கம் முற்றாகப் போவதில்லை. அதை நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். இன்றைக்கும் அக்காவின் வலது கை இடது கையைவிடக் கொஞ்சம் தடிப்புத்தான். கட்டுக்குப் பிறகு, சப்பாத்துக்குள் காலுக்கு மேசு போடுவதுபோல் கைக்குப் போடும் இறுக்கமான உறை வந்தது. காலையில் போட்டு இரவில் கழற்றுவார். ஊசி குத்திப் புண்பட்டால் ஆபத்து என்பதால் தைக்கும்போது விரலுக்குத் தகரக் கூடு போடுகிறார். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மிசினை விட்டு எழும்பிக் கையைத் தூக்கிப் பயிற்சி செய்கிறார். ஒருமுறை காய்ச்சல் வந்து கை சிவந்தபோது, நான் சொல்லியிருந்தபடி அன்றைக்கே வைத்தியசாலைக்கு ஓடிவந்தார். இதெல்லாம் வாழ்நாள் வேலை. பல்லு விளக்கிற மாதிரி என்பார்.

எங்கள் அறைக்கு வேண்டிய பருத்தி உள்ளுறைகளை இப்போது அக்காதான் தைத்துத் தருகிறார். ஆளாளுக்கு அளவு வேறுபடும். ஆனால் உறையில் எண் இருக்காது. ஓரத்தில் ஒரு நிற நூல் ஓடும். எந்த நிறம் எந்த அளவு என்பது அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நானும் இப்போது எண்களைச் சத்தமாகச் சொல்வதில்லை. அளந்து, பேசாமல் எழுதி, அட்டையை முதலில் அவர்கள் கையில் கொடுக்கிறேன். எந்த அவசரத்திலும் சுகமான கையைத்தான் முதலில் அளக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஆயுத பூசைக்குப் புதிய நாடா. ஏன் என்று மேலிடத்தில் கேட்டால் வேறு காரணம் சொல்லிக்கொள்கிறேன். என் வேலைச் சட்டைகளையும் அக்காதான் தைக்கிறார். என்னை அளக்கும்போது கொப்பியை எட்டிப் பார்த்தால் கையால் மூடிவிடுவார். "உங்களுக்கு என்னத்துக்கு உது? சட்டை அளவா இருந்தாக் காணும்" என்பார். கையைத் தூக்கினால் சட்டை இப்போது மேலே வருவதில்லை.

கண்டாவளைக்குப் போய்வந்து மூன்று வாரம் கழித்து ஒரு காலை. அக்கா அறைக்குள் வந்ததும் கதிரையில் இருக்கவில்லை. பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். பேப்பரில் சுற்றியிருக்கவில்லை. எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தது. "அந்தப் பழைய ரேப்பைத் தாங்கோ பிள்ளை" என்றார். லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வளையத்துக்குள் பெருவிரலை விட்டார். நகம் போனது. முதல் மூட்டில் ஒரு கணம் நின்றது. அக்கா அழுத்தவில்லை, அவசரப்படவும் இல்லை. பிறகு மூட்டும் போனது. விரலின் அடி வரை போய் நின்றது. திரை விலகியிருந்ததால் வாசலில் நின்ற புருசனும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பெருவிரல் தானாகவே மேலே எழும்பியிருந்தது.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் கத்தரிக்கோல் வெட்டிய முதல் துணி அந்த நாடாதான். நாற்பதாம் இலக்கத்தில் வைத்து, ஒரே வெட்டு.

"இழுபட்ட பக்கம் உங்களுக்கு. ஆணியில கொழுவி வைச்சு நெடுகப் பாருங்கோ," என்றார். "மிச்சம் எனக்கு. பயித்தங்கொடி கட்ட உதவும்."

இன்று காலையும் அது குப்பைக் கூடைக்குள் கிடந்தது. எடுத்துத் தட்டி ஆணியில் மாட்டினேன். எண்கள் இன்னும் கொஞ்சம் அழிந்துவிட்டன. வெட்டிய ஓரம் மட்டும் அன்றைக்குப் போலவே நேராக இருக்கிறது. ஒரு இழையும் பிசிறவில்லை.